பழைய லேப்டாப் திடீர் திடீரென்று அணைகிறதா? எதையும் மாற்றுவதற்கு முன் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்

லேப்டாப் தானாக அணைந்துவிடுகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, அது எப்படி அணைந்தது என்பதைத்தான். படக்கென்று திரை கறுத்ததா, அதற்கு முன்னால் ஃபேன் இரைந்ததா, பட்டனை அமுக்கியதும் உடனே ஆன் ஆனதா, இல்லை பத்து நிமிஷம் கழித்துத்தான் உயிர் வந்ததா, அப்போது சார்ஜர் செருகியிருந்ததா? பெரும்பாலும் பதில் வராது. சேமிக்காமல் போன வேலை மேல்தான் அப்போது மனசு இருந்திருக்கும், அது நியாயம்தான். ஆனால் துப்பு அந்தச் சில நொடிகளில்தான் கிடக்கிறது. அதைக் கவனிக்காமல் பேட்டரியை மாற்றுவது, விண்டோஸைத் திரும்பப் போடுவது என்று இறங்கினால் பணமும் நேரமும் போகும், லேப்டாப் மறுபடியும் அணையும்.

இது எனக்கு அனுபவப்பட்டுத் தெரிந்தது. ஒன்பது வருஷம் ஓடிய என் லேப்டாப் வீடியோ கால் நடுவில் அணைய ஆரம்பித்தபோது, பேட்டரிதான் என்று முடிவு கட்டிப் புதிது வாங்கிப் போட்டேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது, மூன்றாம் நாள் மறுபடியும் அதே கதை. அப்புறம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸை முதலிலிருந்து போட்டேன், ஒரு வாரம் அதிலேயே போனது. உண்மைக் காரணம் வேறு எங்கோ இருந்தது, கீழே சூடு பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. இப்படி அணைவதில் பெரும்பாலானவை தற்காப்பு. பிராசசர் தாங்கும் வரம்பைத் தாண்டிச் சூடானால் தன்னைக் காத்துக்கொள்ள மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லும். பேட்டரிக்குள் இருக்கும் சின்ன சர்க்யூட், ஏதாவது ஒரு செல்லின் வோல்டேஜ் மிகவும் கீழே இறங்கினால் வெளியே போகும் இணைப்பைத் துண்டிக்கும். அடாப்டர், அதாவது சார்ஜர், தன் சக்திக்கு மேல் இழுக்கப்பட்டால் தானே நின்றுவிடும். இந்த மூன்றில் எது நடந்தாலும் பெரும்பாலும் விண்டோஸுக்கு ஒரு வரி எழுதி வைக்கக்கூட நேரம் இருக்காது. ஆகவே நாம் தேடுவது, மின்சாரத்தைத் துண்டித்தது யார், எதிலிருந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் துண்டித்தது என்பதை.

முதல் வேலை: ஃபைல்களை வெளியே எடுங்கள்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். கீழே வரும் சோதனைகளில் சில, வேண்டுமென்றே லேப்டாப்பை அணைய வைப்பவை. எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் போனால் திறந்திருக்கும் ஃபைல் கெடலாம், பழைய ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் டிஸ்க்கே பழுதாகலாம். போட்டோக்கள், ஆவணங்கள், பிரவுசரில் சேர்த்து வைத்த பாஸ்வேர்டுகள், எல்லாவற்றையும் ஒரு வெளி டிஸ்க்கில் போட்டுவிட்டு வாருங்கள். நகல் எடுக்கும்போதே அணைந்துவிடுகிறது என்றால், கனமான மற்ற புரோகிராம்களை மூடிவிட்டு, லேப்டாப்பின் அடியில் காற்று போகும்படி உயர்த்தி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.

அதோடு, லேப்டாப்பைத் தட்டையான மேஜையில் வைத்து ஒரு மூலையை விரலால் அழுத்திப் பாருங்கள். ஆடுகிறதா? டச்பேட் மேலே எழும்பியிருக்கிறதா, கிளிக் ஆக மறுக்கிறதா? அடிமூடியின் நடுப்பகுதி வயிறு மாதிரி தள்ளியிருக்கிறதா? அப்படியென்றால் பேட்டரி உப்பியிருக்கலாம். மற்ற சோதனை எதுவும் வேண்டாம். சார்ஜரைப் பிடுங்குங்கள், அணைத்து வையுங்கள். உப்பிய பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ கத்தியால் நெம்பவோ கூடாது, லித்தியம் செல் கிழிந்தால் தீப்பற்றும். கழற்றிப் பழக்கம் இல்லையென்றால் தெரிந்தவரிடம் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள், குப்பையில் போடாமல் மின்னணுக் கழிவு எடுக்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள்.

நிஜமாகவே அணைகிறதா?

கேள்வி விசித்திரமாகத் தெரியலாம். ஆனால் திரை மட்டும் இருண்டுபோவதையும் லேப்டாப் தூங்கப் போவதையும் பலர் அணைந்துவிட்டது என்றே சொல்கிறார்கள், மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. அடுத்த தடவை நடக்கும்போது உடனே பவர் பட்டனைத் தொடாதீர்கள். கேப்ஸ் லாக் கீயை அமுக்குங்கள். அதன் விளக்கு எரிந்து அணைகிறது என்றால் லேப்டாப் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, திரைதான் பிரச்சினை. ஒரு டார்ச்சைத் திரைக்குச் சாய்வாக அடித்துப் பாருங்கள், மங்கலாக ஜன்னல்கள் தெரிந்தால் திரையின் பின்விளக்கு போய்விட்டது, அல்லது கீல் வழியாகப் போகும் கேபிள் நைந்துவிட்டது. மூடியைக் கொஞ்சம் அசைத்தால் வெளிச்சம் வந்து வந்து போகும் என்றால் கேபிள்தான்.

பட்டனை அமுக்கியதும் நீங்கள் விட்ட இடத்திலேயே எல்லாம் திறந்திருந்தால், அது தூங்கியிருக்கிறது. மூடி மூடியிருக்கிறதா என்பதைப் பல லேப்டாப்கள் ஒரு காந்த உணரியால்தான் தெரிந்துகொள்கின்றன. காந்தம் வைத்த போன் கவரோ கைக்கடிகாரப் பட்டையோ அந்த இடத்துக்குப் பக்கத்தில் வந்தால், மூடிவிட்டார்கள் என்று நினைத்துத் தூங்கிவிடும். இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இடது கையில் காந்தப் பட்டை கட்டியிருந்தவர் டைப் அடிக்கும்போது மட்டும் திரை போனது, கையைத் தூக்கியதும் வந்தது.

அணையும் விதத்தைக் குறித்து வையுங்கள்

ஒரு தாள் போதும். ஒவ்வொரு தடவையும் தேதி, நேரம், ஆன் செய்து எவ்வளவு நேரத்தில் அணைந்தது, என்ன ஓடிக்கொண்டிருந்தது, சார்ஜர் இருந்ததா, பேட்டரி எத்தனை சதவீதம், ஃபேன் சத்தம், திரும்ப ஆன் ஆக எவ்வளவு நேரம் பிடித்தது. நாலைந்து தடவை எழுதினால் ஒரு வடிவம் தெரிய ஆரம்பிக்கும்.

ஆன் செய்து இருபது முப்பது நிமிஷம் கழித்து, ஃபேன் இரைந்த பிறகு அணைந்து, உடனே ஆன் செய்தால் இன்னும் சீக்கிரமாக அணைந்து, ஆறவிட்டால் மறுபடி கொஞ்ச நேரம் ஓடுகிறது என்றால் சூடுதான். பேட்டரியில் ஓடும்போது 40 சதவீதத்திலோ 25 சதவீதத்திலோ போய்விடுகிறது, சார்ஜர் செருகினால் மட்டுமே உயிர் வருகிறது என்றால் பேட்டரி. நகர்த்தும்போது, மடியில் மாற்றி வைக்கும்போது, சார்ஜர் ஒயர் அசையும்போது போகிறது என்றால் எங்கோ ஒரு இணைப்பு தளர்ந்திருக்கிறது. விண்டோஸ் பெரிய பிழையில் சிக்கும்போது காட்டும் நீலத் திரை ஒரு நொடி வந்துவிட்டுத் தானே ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் மெமரி (ரேம்), டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்), டிஸ்க் பக்கம் போக வேண்டும். எந்த ஒழுங்கும் இல்லாமல், சும்மா இருக்கும்போதும் குளிர்ச்சியாக இருக்கும்போதும் போகிறது என்றால் போர்டு, அதாவது மதர்போர்டு, மேல் சந்தேகம் வரும். ஆனால் அந்த முடிவுக்கு அவசரப்படாதீர்கள்.

விண்டோஸ் என்ன எழுதி வைத்திருக்கிறது

ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவர் என்று தேடித் திறந்து, இடது பக்கம் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். ஆயிரக்கணக்கான வரிகள் இருக்கும், பயப்பட வேண்டாம். சிவப்பும் மஞ்சளும் நல்ல ஆரோக்கியமான கணினியிலும் நிறைய இருக்கும். வலது பக்கம் ஃபில்டர் கரண்ட் லாக் என்பதை அமுக்கி, ஈவென்ட் ஐடி பெட்டியில் 41, 1074, 6008 என்று காற்புள்ளி போட்டு எழுதினால் நமக்கு வேண்டியது மட்டும் நிற்கும்.

1074 என்பது முறையாக நடந்த அணைப்பு அல்லது ரீஸ்டார்ட். எந்த புரோகிராம், எந்த யூசர் அதைச் செய்யச் சொன்னது என்றே அதில் எழுதியிருக்கும். நீங்கள் அணைந்தது என்று குறித்து வைத்த நேரத்தில் 1074 இருந்தால், அப்டேட்டோ வேறு புரோகிராமோ வேலை காட்டியிருக்கிறது, வன்பொருளைக் குறை சொல்ல வேண்டியதில்லை. 6008 என்றால் போன தடவை அணைந்தது எதிர்பாராதது என்று மட்டும் பொருள்.

41 தான் முக்கியம், கெர்னல் பவர் என்ற பெயரில் வரும். இதைப் பார்த்ததும் பவர் சப்ளை போய்விட்டது என்று முடிவு செய்துவிடுகிறார்கள், அது தவறு. ஒழுங்காக அணையாமல் திரும்ப ஆன் ஆகியிருக்கிறேன் என்பதைத்தான் அது சொல்கிறது. அதைத் திறந்து டீடெயில்ஸ் பகுதிக்குப் போங்கள். பக்செக்கோட் என்ற வரியைப் பாருங்கள். அங்கே 0 இல்லாமல் வேறு எண் இருந்தால் நீலத் திரை விழுந்திருக்கிறது. அந்த எண் நாம் வழக்கமாக எழுதும் பதின்ம முறையில் இருக்கும், நீலத் திரை எண்கள் பதினாறடிமான (ஹெக்ஸ்) முறையில் சொல்லப்படுபவை. ஆகவே 159 என்று இருந்தால் அதை மாற்றி 9எஃப் என்று தேட வேண்டும், அது டிரைவர் ஒன்று மின் நிலை மாற்றத்தில் சிக்கிக்கொண்டது என்று சொல்லும் பிழை எண். பவர்பட்டன்டைம்ஸ்டாம்ப் என்ற வரியில் 0 இல்லையென்றால் பவர் பட்டன் நீண்ட நேரம் அமுக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் அமுக்கவில்லையே என்றால், பழைய கீபோர்டில் அந்தப் பட்டன் அழுக்கேறி ஒட்டிக்கொண்டு தானே அமுங்குகிறது. பக்செக்கோட், டைம்ஸ்டாம்ப் இரண்டுமே 0 என்றால், மின்சாரம் துண்டிக்கப்பட்டது என்பது கிட்டத்தட்ட உறுதி. அதாவது சூடு, பேட்டரி, அடாப்டர், போர்டு.

சில சமயம் 86 என்ற எண்ணிலும் கெர்னல் பவர் பதிவு இருக்கும், அது அளவுக்கு மீறிய சூட்டால் அணைத்தேன் என்று விண்டோஸே ஒப்புக்கொள்வது. ஆனால் அது இல்லை என்பதால் சூடு இல்லை என்று சொல்ல முடியாது, வன்பொருள் நேரடியாகத் துண்டித்தால் எழுத நேரம் கிடைக்காது.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் ஜர்னல்சிடிஎல் கட்டளையில் முந்தைய பூட்டின் கடைசி வரிகளைப் பார்த்தால் போதும். ஒழுங்காக அணைந்திருந்தால் ஒவ்வொரு சேவையாக நின்றது வரிசையாக இருக்கும், மின்சாரம் போயிருந்தால் பேச்சு நடுவில் அறுந்தது போல வரிகள் நின்றுவிடும்.

விண்டோஸ் மேல் சந்தேகம் தீரவில்லையென்றால், விண்டோஸ் ஆரம்பிப்பதற்கு முன்னால் திறக்கும் பயாஸ் அமைப்புத் திரைக்குள் போய் அப்படியே அரை மணி நேரம் விட்டு வையுங்கள். அங்கே விண்டோஸ் இல்லை, டிரைவர் இல்லை, வைரஸ் இல்லை. அங்கேயும் அணைந்தால் மென்பொருளைத் தோண்டுவதை நிறுத்திவிடலாம். அங்கே அணையவில்லை என்பதை மட்டும் வைத்து வன்பொருள் நல்லது என்று சொல்லாதீர்கள், பயாஸில் பெரிய சுமை எதுவும் இருக்காது.

மூன்று விதமாக ஓட்டிப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு சோதனையைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரே வேலையை மூன்று விதமாக ஓட்ட வேண்டும்: பேட்டரியும் அடாப்டரும் சேர்ந்து, பேட்டரி மட்டும், அடாப்டர் மட்டும்.

வேலை என்பது ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி கனமாக இருக்க வேண்டும். செவன் ஜிப் இலவசம்தான், அதன் டூல்ஸ் மெனுவில் பெஞ்ச்மார்க் என்று ஒன்று இருக்கிறது, பிராசசரை முழுசாக இழுக்கும். அதை ஓட்டிவிட்டு, பக்கத்தில் எச்டபிள்யூஇன்ஃபோ மாதிரி ஒரு புரோகிராமில் வெப்பநிலையைப் பாருங்கள். அதில் பதிவு செய்யும் வசதியும் உண்டு, அணைந்த பிறகு அந்த ஃபைலின் கடைசி வரி அணைவதற்குச் சற்று முந்தைய நிலையைக் காட்டும்.

அடாப்டர் மட்டும் என்பதற்குப் பேட்டரியைக் கழற்ற வேண்டும். வெளியே இருந்து கழற்றும் வகை என்றால் தாழ்ப்பாளைத் தள்ளினால் போதும். உள்ளே இருந்தால் லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, அடிமூடியைத் திறந்து பேட்டரியின் பிளக்கை மட்டும் போர்டிலிருந்து விடுவித்து, மூடியைத் திரும்பப் போட வேண்டும். சில மாடல்கள் பேட்டரி இல்லாமல் ஆன் ஆகாது, ஆன் ஆனாலும் மெதுவாக ஓடும், அது அவற்றின் இயல்பு.

இப்போது முடிவைப் படியுங்கள். பேட்டரி மட்டும் இருக்கும்போது அணைந்து, அடாப்டர் மட்டும் இருக்கும்போது அணையவில்லை: பேட்டரி. அடாப்டர் மட்டும் இருக்கும்போது அணைந்து, பேட்டரியில் அணையவில்லை: அடாப்டர், அதன் ஒயர், அல்லது செருகும் ஜாக். மூன்றிலும் அணைகிறது: சூடு, அல்லது போர்டு. இதில் வெப்பநிலையைச் சேர்த்துப் பாருங்கள். பெஞ்ச்மார்க்கை ஆரம்பித்த ஐந்தாவது நொடியில், வெப்பம் 65 டிகிரிதான் இருக்கும்போது அணைந்தால் அது சூடு இல்லை, திடீரென்று இழுத்த மின்சாரத்தை ஏதோ ஒன்றால் கொடுக்க முடியவில்லை. ஐந்து நிமிஷம் ஏறி ஏறி, 95, 98 என்று போய், 100 பக்கம் வந்து அணைந்தால் சூடு. வேகமாக ஓடும்போது 80 லிருந்து 90 டிகிரி வரை போவது லேப்டாப்களில் சாதாரணம், அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

பேட்டரி

நல்ல பேட்டரி 100 லிருந்து ஒழுங்காக இறங்கும். கெட்டது 38 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே போய்விடும். ஏன் என்று தெரிந்துகொள்வது நல்லது.

பேட்டரிக்குள் பல செல்கள் தொடராக இணைந்திருக்கும். ஒவ்வொன்றும் முழு சார்ஜில் பெரும்பாலும் 4.2 வோல்ட். வயதாக ஆக செல்லின் உள் மின்தடை கூடுகிறது. லேசான வேலையில் அது தெரியாது, ஆனால் பிராசசர் திடீரென்று நிறைய இழுக்கும்போது வோல்டேஜ் சட்டென்று தொய்கிறது. எல்லா செல்லும் ஒரே வேகத்தில் கிழடாவதும் இல்லை. மூன்றில் இரண்டு நன்றாக இருந்து ஒன்று மட்டும் நொந்து போயிருந்தாலும், அந்த ஒன்று வரம்புக்குக் கீழே தொய்ந்த நொடியில் பாதுகாப்பு சர்க்யூட் மொத்தத்தையும் துண்டித்துவிடும். சதவீதம் என்பது கணக்குப் போட்டுச் சொல்லும் மதிப்பீடு, அந்தத் தொய்வை அது முன்கூட்டிச் சொல்லாது.

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, ஆங்கிலத்தில் பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துகளை ஒட்டி எழுதி, ஒரு இடைவெளி விட்டு, முன்சாய்ந்த கோடு போட்டு, பேட்டரி ரிப்போர்ட் என்பதை இடைவெளியில்லாமல் எழுதி எண்டர் தட்டுங்கள். ஒரு அறிக்கை எங்கே சேமிக்கப்பட்டது என்று அங்கேயே காட்டும். அதை பிரவுசரில் திறந்து இரண்டு எண்களை ஒப்பிடுங்கள்: டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி. முதலாவது 48,000, இரண்டாவது 17,500 என்றால் மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம்தான் அதிகம் மிச்சம். பாதிக்குக் கீழே போன பேட்டரியை நம்பி வேலை செய்யாதீர்கள். மேக்காக இருந்தால் சிஸ்டம் ரிப்போர்ட்டில் பவர் என்ற பகுதியில் சுழற்சி எண்ணிக்கையும் பேட்டரி நிலையும் இருக்கும்.

அறிக்கையில் எண்கள் நன்றாக இருந்தும் 30 சதவீதத்தில் அணைகிறது என்றால், சதவீதத்தைக் கணக்கிடும் அளவுமானி வழி தவறியிருக்கலாம். ஒரு தடவை முழுசாக சார்ஜ் ஏற்றி, இரண்டு மணி நேரம் அப்படியே விட்டு, பிறகு லேசான வேலையில் அதுவாகத் தூங்கும்வரை இறக்கி, மறுபடி இடைவிடாமல் முழுசாக ஏற்றுங்கள். அது தவறிய கணக்கைச் சரிசெய்யும், கெட்ட செல்லைச் சரிசெய்யாது. அடிக்கடி செய்ய வேண்டிய வேலையும் இல்லை, முழுசாக இறக்குவது செல்லுக்கு நல்லதல்ல.

அடாப்டரும் ஜாக்கும்

அடாப்டரின் மேல் சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 19.5 வோல்ட், 3.34 ஆம்ப் என்றால் பெருக்கினால் 65 வாட். 4.62 ஆம்ப் என்றால் 90 வாட். லேப்டாப்புக்கு 90 வேண்டியிருந்து, இடையில் எப்போதோ தொலைந்துபோன பழைய சார்ஜருக்குப் பதில் 65 வாங்கியிருந்தால், பேட்டரி நன்றாக இருக்கும்வரை பிரச்சினை வெளியே தெரியாமல் இருந்திருக்கும். பல லேப்டாப்கள் உச்சச் சுமையில் அடாப்டர் கொடுப்பது போதாமல் பேட்டரியிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். பேட்டரி செத்த பிறகு அந்தத் துணை இல்லை, அடாப்டர் தனியாகத் திணறி நிற்கும். இரண்டு பலவீனங்கள் சேர்ந்து ஒரு கோளாறாக வரும் இடம் இது, ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு ஏமாறும் இடமும் இதுதான்.

யூஎஸ்பி சி வழியாக சார்ஜ் ஏறுகிறது என்றால் கேபிளையும் சந்தேகியுங்கள். சாதாரண சி கேபிள் 60 வாட்டுக்கு மேல் கொண்டுபோகாது, அதற்கு மேல் வேண்டுமென்றால் உள்ளே அடையாளச் சிப் வைத்த கேபிள் வேண்டும்.

உருண்டை முனை வகையில், முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே நடுவில் ஊசி மாதிரி ஒரு பின் இருந்தால் அது வளையாமல் நேராக நிற்கிறதா, வெளி உலோகத்தில் பழுப்பாகக் கருகிய வளையம் இருக்கிறதா, பிளாஸ்டிக் உருகிப் பளபளக்கிறதா? கருகல் இருந்தால் அங்கே இணைப்பு தளர்ந்து தீப்பொறி போயிருக்கிறது, லேப்டாப் பக்கத்து ஜாக்கும் அதே நிலையில்தான் இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, லேப்டாப் ஓடும்போது முனையை மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள். அணைந்தால் காரணம் கையிலேயே கிடைத்துவிட்டது. நிறைய மாடல்களில் இந்த ஜாக் தனி ஒயரோடு வரும், சாலிடர் இல்லாமல் மாற்றிவிடலாம்.

அணையும் நேரத்தில் அடாப்டரின் சின்ன விளக்கையும் பாருங்கள். அதுவும் சேர்ந்து அணைந்து, சுவரிலிருந்து பிடுங்கிச் செருகினால்தான் மறுபடி எரிகிறது என்றால், அடாப்டர் தன்னைக் காத்துக்கொண்டு நின்றிருக்கிறது. மல்டிமீட்டரில் சும்மா இருக்கும்போது 19 வோல்ட் காட்டுவதை வைத்து அது நல்லது என்று சொல்லிவிடாதீர்கள், சுமை ஏறும்போது விழுகிறதா என்பதுதான் கேள்வி. அதே வாட் உள்ள வேறொரு நல்ல அடாப்டரை ஒரு நாள் இரவல் வாங்கிப் பார்ப்பதே நம்பகமான சோதனை.

சூடு

இனி என் லேப்டாப்புக்கு வருகிறேன். அடிமூடியைத் திறந்தபோது ஃபேன் சுத்தமாகவே இருந்தது, இறக்கைகளில் மெல்லிய தூசி, அவ்வளவுதான். அதனால் முதல் தடவை திறந்தபோது மூடிவிட்டேன். இரண்டாம் தடவைதான் ஃபேனைத் தனியாகக் கழற்றினேன். ஃபேன் காற்றைத் தள்ளும் வாய்க்கும் செம்புக் குழாயின் நுனியில் இருக்கும் மெல்லிய தகடுகளுக்கும் நடுவில், அந்த வாயின் அளவுக்கே சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளித் துண்டு. நூலும் முடியும் தூசியும் வருஷக்கணக்காக அழுந்தி நெய்த மாதிரி ஆகியிருந்தது. நகத்தால் ஒரு மூலையைத் தூக்கினேன், முழுசாக ஒரே துண்டாக வந்தது. ஃபேன் முழு வேகத்தில் சுற்றியும் காற்று வெளியே போக வழியே இல்லை. அதை எடுத்த அன்றே பிரச்சினை போய்விட்டது, பிராசசரின் சூட்டைக் கடத்தத் தடவியிருக்கும் தெர்மல் பேஸ்ட்டைக்கூட மாற்றவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், காற்று வெளியேறும் துளை வழியாக வெளியே இருந்து காற்றடித்தால் அந்தக் கம்பளி ஃபேன் பக்கம் நகரும், திரும்ப வந்து அடைக்கும். ஃபேனைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் மாடலின் பெயரோடு பிரித்தெடுக்கும் வீடியோவையோ சர்வீஸ் மேனுவலையோ தேடி ஒரு தடவை முழுசாகப் பாருங்கள். ஸ்க்ரூக்கள் நீளம் வேறு வேறாக இருக்கும், ஒரு தாளில் லேப்டாப்பின் வடிவத்தை வரைந்து, எந்த இடத்து ஸ்க்ரூவோ அந்த இடத்திலேயே ஒட்டி வையுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டை இடத்தில் போட்டு முடுக்கினால் போர்டையோ கீபோர்டையோ துளைத்துவிடும். ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூவை மறந்துவிட்டு மூடியை நெம்பாதீர்கள். திறந்ததும் முதல் வேலை பேட்டரி பிளக்கை எடுப்பது, பிறகு பவர் பட்டனை ஒரு பதினைந்து நொடி அமுக்கி மிச்ச மின்சாரத்தைப் போக்குவது.

ஃபேன் ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள், பிளக்கை இரண்டு பக்கமும் நகத்தால் நகர்த்தி எடுங்கள். காற்றடிக்கும்போது இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழல விட்டால் பேரிங் கெடும். அப்புறம் இறக்கையை விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். தாராளமாகச் சுற்றினால் நல்லது. கரகரவென்று நின்றாலோ, தண்டு பக்கவாட்டில் ஆடினாலோ ஃபேனை மாற்றிவிடுங்கள். எண்ணெய் விட்டுச் சமாளிப்பது கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும்.

சுத்தம் செய்தும் வெப்பம் சில நொடிகளிலேயே 95க்குத் தாவுகிறது என்றால் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கிறது. ஹீட்சிங்க், அதாவது பிராசசர் மேல் உட்கார்ந்து சூட்டை வாங்கும் உலோகப் பகுதி, அதன் ஸ்க்ரூக்களின் பக்கத்தில் பெரும்பாலும் 1, 2, 3, 4 என்று எண் இருக்கும், போடும்போது அந்த வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள், கழற்றும்போது அதற்கு நேர் எதிராக. பழைய பேஸ்ட்டை 90 சதவீதத்துக்கு மேல் உள்ள ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, சிப்பை மெல்லியதாக மூடும் அளவுக்குப் புதியது வையுங்கள். பக்கத்துச் சிப்களின் மேல் மெத்தை மாதிரி தெர்மல் பேட் இருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள், கிழிந்தால் அதே தடிமனில்தான் மாற்ற வேண்டும். அரை மில்லிமீட்டர் இருந்த இடத்தில் ஒன்றரை வைத்தால் ஹீட்சிங்க் பிராசசர் மேல் சரியாக உட்காராது, முன்பைவிட மோசமாகச் சூடாகும்.

இப்போதைக்குத் திறக்க முடியாது என்றால் ஒரு தற்காலிக வழி உண்டு. பவர் ஆப்ஷன்ஸில் பிராசசரின் உச்ச நிலையை 100 லிருந்து 99 ஆக்கினால் பல லேப்டாப்களில் டர்போ வேகம் நின்றுவிடும், வெப்பம் நன்றாகவே குறையும். சில புதிய மாடல்களில் அந்த அமைப்பு மறைந்திருக்கும்.

மிச்சம் இருப்பவை

நீலத் திரை வந்தவர்கள், சிஸ்டம் பிராபர்டீஸில் ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரி பகுதிக்குப் போய்த் தானாக ரீஸ்டார்ட் ஆகும் டிக்கை எடுத்துவிடுங்கள், அடுத்த தடவை திரை நிற்கும், பிழை எண்ணை எழுதிக்கொள்ளலாம். மெமரிக்கு மெம்டெஸ்ட் 86 பிளஸ்ஸை பென் டிரைவில் போட்டு ஓர் இரவு ஓட்டுங்கள், ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். இரண்டு ரேம் பலகை இருந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றி ஓட்டிப் பாருங்கள், சில சமயம் கழற்றித் திரும்ப அழுத்திச் செருகுவதிலேயே சரியாகும். டிஸ்க் கெட்டால் பெரும்பாலும் அணையாது, உறைந்து நிற்கும் அல்லது நீலத் திரை வரும். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ புரோகிராமில் எச்சரிக்கை காட்டினால் மாற்றிவிடுங்கள்.

எல்லாம் நன்றாக இருந்து, வேறு நல்ல அடாப்டரோடு, பேட்டரி கழற்றிய நிலையில், 50 டிகிரியில்கூட அணைகிறது என்றால் போர்டு. எப்போதோ கொட்டிய தண்ணீரோ காபியோ உள்ளே பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், பூத்திருந்தால் அந்த இடத்தைப் படம் எடுத்து வையுங்கள். போர்டு வேலை செய்பவரிடம் கொண்டுபோகும்போது அந்தப் படத்தையும் நீங்கள் எழுதிய தாளையும் சேர்த்துக் கொடுங்கள். எதை மாற்றிப் பார்த்தீர்கள், எதில் அணைந்தது, எதில் அணையவில்லை என்பது எழுத்தில் இருந்தால் அவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், ஏற்கெனவே நல்லதென்று தெரிந்த பேட்டரிக்கும் ஃபேனுக்கும் நீங்கள் இரண்டாம் தடவை பணம் கொடுக்கவும் வேண்டாம். செலவு எவ்வளவு என்று கேட்டு, போர்டைத் தொடுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். வேண்டாம் என்றால் டிஸ்க்கை மட்டும் கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள், யூஎஸ்பி உறையில் போட்டால் அதிலிருப்பதெல்லாம் வேறு கணினியில் திறக்கும். பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் மட்டும் அதன் ரிகவரி கீ வேண்டும், லேப்டாப் ஆன் ஆகும் நிலையில் இருக்கும்போதே அதை எடுத்து எழுதி வைத்துவிடுங்கள்.